சுவரை விட்டுத் தள்ளி நிற்கவும்

“ஒண்ணு புள்ளி எட்டு லென்ஸ் வாங்கியாச்சுண்ணே, ஆனாலும் பின்னாடி ப்ளர் ஆக மாட்டேங்குது.” மதுரைப் பக்கம் புதிதாகக் கேமரா பிடிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. படத்தை வாங்கிப் பார்த்தால் காரணம் படத்துக்குள்ளேயே நிற்கும். திருமலை நாயக்கர் மகாலில் ஒரு தூண், அதில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு ஒரு பையன். தூணின் சுதைப்பூச்சு அவன் சட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எஃப் 1.8 என்ன, எஃப் 0.95 லென்ஸே கொண்டுவந்தாலும் அந்தத் தூண் கரையாது.

டெப்த் ஆஃப் ஃபீல்டைச் சொல்லிக்கொடுக்கும் வரிசையே தப்பு என்பது என் கட்சி. எல்லோரும் அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் துளையில், தொடங்குகிறார்கள். எண் சிறிதானால் துளை பெரிது, துளை பெரிதானால் ப்ளர் அதிகம், அவ்வளவுதான் பாடம். பொய் இல்லை, ஆனால் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசி காலிலும் சுவரிலும் இருக்கிறது: நீங்கள் ஆளிடமிருந்து எவ்வளவு தூரம், ஆள் பின்னணியிலிருந்து எவ்வளவு தூரம். இவை இரண்டுக்கும் காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, யாரும் சொல்வதில்லை. அதோடு இன்னொரு குழப்பம். ‘எவ்வளவு தூரம்வரை ஷார்ப்பாக இருக்கும்’ என்பது ஒரு கேள்வி, ‘பின்னால் இருப்பது எவ்வளவு கரையும்’ என்பது வேறு கேள்வி. முதலாவதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்ட். நம் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் மேலே சொன்ன தூண் படம்தான் கிடைக்கும்.

கடலைப் பொட்டலம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸ் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் 50-ஐ 1.8-ஆல் வகுத்து ஏறக்குறைய 28 மி.மீ. கடைகளில் வாங்க மறுக்கிறார்களே அந்தப் பத்து ரூபாய் நாணயம், கிட்டத்தட்ட அந்த அகலம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6, துளை 10 மி.மீ., ஒரு சுண்டைக்காய். 85 மி.மீ. எஃப் 1.8 என்றால் 47 மி.மீ., எலுமிச்சம்பழம். செல்போன் கேமராவில் உண்மையான குவியத் தூரமே ஆறேழு மி.மீ.தான். துளை ஒரு மிளகளவு. செல்போன் ஏன் தானாக ப்ளர் செய்வதில்லை, கணக்குப் போட்டு வரைய வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது ஆளுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவரில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும் ஒளி விரிந்துகொண்டே வந்து லென்ஸின் துளையை நிரப்புகிறது. கடலை மடித்துத் தரும் காகிதப் பொட்டலத்தைப் படுக்க வைத்தது போல: கூர்முனை சுவரில், வாய் லென்ஸில். ஆள் நிற்கும் இடத்தில் அந்தப் பொட்டலம் எவ்வளவு அகலமோ, அந்த அகலத்துக்குத்தான் சுவர்ப்புள்ளி படத்தில் கலங்கி விழும். ஆள் சுவரோடு ஒட்டி நின்றால் அவர் நிற்பது கூர்முனையில், அங்கே அகலமே இல்லை. லென்ஸ் பக்கம் வர வர அகலம் கூடும். கணக்காகச் சொன்னால், துளையின் விட்டத்தை ஆளிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஆளிடமிருந்து 2 மீட்டர். ஆளுக்குப் பின்னால் ஓரடியில் சுவர், அதாவது 30 செ.மீ. லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.8. 28-ஐ 0.3-ஆல் பெருக்கி 2.3-ஆல் வகுத்தால் மூன்றரை மி.மீ. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரின் எழுத்தைத் தாராளமாகப் படிக்கலாம். அதே ஆளைச் சுவரிலிருந்து 4 மீட்டர் முன்னால் கூட்டிவாருங்கள், நீங்களும் பின்னால் போய் அதே 2 மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். 28-ஐ 4-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் பதினெட்டரை மி.மீ. ஐந்து மடங்குக்கு மேல். இனி அந்த லென்ஸைக் கழற்றிவிட்டுச் சுண்டைக்காய்த் துளையுள்ள கிட் லென்ஸை மாட்டினாலும் ஆறரை மி.மீ. வருகிறது. சுவரோடு ஒட்டி நின்றபோது எஃப் 1.8 கொடுத்ததைவிட இதுவே ஏறக்குறைய இரு மடங்கு. புது லென்ஸ் வாங்காமலேயே நாலு மீட்டர் நடந்து சம்பாதித்த ப்ளர்.

மகாலில் இதைச் செய்வது இன்னும் சுலபம். 1636-இல் கட்டியவர்கள் தூண்களை வரிசை வரிசையாக நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள். பையனை எந்தத் தூணிலும் சாய்க்காமல் இரண்டு வரிசைக்கு நடுவில் நிறுத்துங்கள். நேராகப் பின்னால் தூண் வராமல், நீண்ட தாழ்வாரம் ஓடிப்போகும் திசையாகப் பார்த்து எடுங்கள். கிட்ட இருக்கும் தூண் கொஞ்சம் கலங்கும், அடுத்தது அதிகம், கடைசி வளைவு வெறும் மஞ்சள் நிறமாக உருகும். தூணில் சாய்ந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாரா, சாயட்டும். கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடிக்காமல் தூணின் பக்கவாட்டில் வந்து நின்றால், சாய்ந்த தூண் ஓர் ஓரமாகவும் தாழ்வாரம் பின்னணியாகவும் வந்துவிடும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வீட்டில் 55-250 ஸூம் சும்மா கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 250-இல் எஃப் 5.6 என்றால் துளை 45 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தைவிட மிகப் பெரிது. திறந்த வெளியில், பின்னணி வெகுதூரத்தில் இருக்கும்போது, எஃப் எண் பெரிதென்று ‘மெதுவானது’ எனப்படும் அந்த ஸூம் எஃப் 1.8-ஐவிடப் பின்னணியை அதிகமாகக் கரைக்கும். ஆளிடமிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கத்திப் பேச வேண்டும், வெளிச்சம் வேண்டும். இவைதான் விலை.

டம்ளர் வரிசை

இனி முதல் கேள்விக்கு வரலாம்: எவ்வளவு தூரம் ஷார்ப். பழக ஒரு வழி. ஓரடி டைல்ஸ் போட்ட கூடத்தில், டைல்ஸுக்கு ஒன்றாக ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வையுங்கள், உங்களை நோக்கி நீளும்படி. ஒன்றுக்கொன்று மறைக்காமல் இருக்க லேசாகச் சாய்வான வரிசை. கேமராவைத் தரைக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, நடு டம்ளர் 2 மீட்டரில் வரும்படி உட்காருங்கள். சாதாரண கிராப் சென்சார் கேமரா (படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிமைவிடச் சின்னது), 50 மி.மீ. லென்ஸ். எஃப் 1.8-இல் ஷார்ப்பான பகுதி மொத்தமே பதினொன்றரை செ.மீ. நடு டம்ளர் மட்டும் நறுக்கென்று இருக்கும், பக்கத்து டம்ளர்களின் விளிம்பு கரைந்திருக்கும். எஃப் 8-க்குப் போனால் 52 செ.மீ., அதாவது 1.77 மீட்டரிலிருந்து 2.29 மீட்டர்வரை. முன்னும் பின்னும் உள்ள டம்ளர்கள் எல்லைக்கோட்டில் நிற்கும். இப்போது எஃப் 8-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 4 மீட்டருக்கு நகருங்கள். ஷார்ப் பகுதி 3.2 மீட்டரிலிருந்து 5.4 மீட்டர்வரை. ஐந்து டம்ளரும் உள்ளே.

தூரம் இரட்டித்தால் டெப்த் ஏறக்குறைய நான்கு மடங்கு. எஃப் எண் இரட்டித்தால் இரண்டு மடங்குதான். கால்தான் முதல் கட்டுப்பாடு என்று சொன்னதன் பொருள் இதுதான்.

அதே டம்ளர்களை இப்போது கேமராவுக்குக் குறுக்காக, ஒரே கோட்டில் அடுக்கினால் எஃப் 1.8-இலும் ஐந்தும் ஷார்ப். டெப்த் என்பது சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு பலகை. பலகையின் கனத்தைக் கூட்டுவதைவிடப் பொருளைப் பலகைக்குள் திருப்பிவிடுவது எளிது. கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துப் புடைப்புச் சிற்பங்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் நின்று வரிசையைச் சாய்வாகப் பிடிக்கிறார்கள். முதல் தீர்த்தங்கரர் தெளிவு, கடைசியில் இருப்பவர் மங்கல். அப்படிச் சாய்வாகத்தான் வேண்டுமென்றால் எஃப் 11 போடுங்கள். பாறைக்கு நேர் எதிரே கேமராவை இணையாகப் பிடித்தால் எஃப் 4 போதும், மிச்சமாகும் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, குறைக்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் எஃப் 22 போட்டுவிட்டால்? போடலாம், படம் முழுக்க லேசாகச் சோகை பிடித்ததுபோல் வரும். சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுவதால் வரும் கோளாறு அது. 24 மெகாபிக்சல் கிராப் கேமராவில் எஃப் 11 தாண்டியதுமே தெரியத் தொடங்கும். போதாததற்கு சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாக விழும்.

கல்யாண மேடை

காசு புரளும் இடம் என்பதால் தப்பும் இங்கேதான் அதிகம். குரூப் போட்டோ. முன்னால் நாற்காலியில் பெரியவர்கள், நடுவில் நிற்பவர்கள், பின்னால் பெஞ்சில் ஏறியவர்கள். வரிசைக்கு 70 செ.மீ. இடைவெளி என்றால் முன்வரிசை 5 மீட்டரில், நடுவரிசை 5.7-இல், பின்வரிசை 6.4-இல். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) 50 மி.மீ., எஃப் 1.8, முன்வரிசைத் தாத்தா மேல் ஃபோகஸ். ஷார்ப் பகுதி 4.5 மீட்டரிலிருந்து 5.6 மீட்டர்வரை. நடுவரிசையே வெளியே போய்விட்டது. பின்வரிசையில் நின்ற மாமனுக்கு முகமே இல்லை, ஆல்பம் வந்த அன்று அவர் பேசுவதைக் கேட்கத்தான் வேண்டும். எஃப் 5.6 போட்டு நடுவரிசையில் ஃபோகஸ் செய்தால் 4.1 மீட்டரிலிருந்து 9.2 மீட்டர்வரை எல்லாம் அடங்கும்.

இதற்கு வெளிச்சம்தான் தடை. எஃப் 1.8-இலிருந்து எஃப் 5.6-க்கு வந்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு. ஷட்டரை 1/125 நொடிக்குக் கீழே இறக்க முடியாது, முப்பது பேரில் ஒருவராவது அசைவார். ஐஎஸ்ஓ 400-இல் எடுத்தவர் 4000-க்கு ஏற வேண்டும், இல்லையென்றால் குடை வைத்த ஃபிளாஷ் இரண்டு வேண்டும். வீடியோக்காரரின் லைட்டை நம்பி இதில் இறங்காதீர்கள். மலிவான வழி ஒன்று உண்டு: வரிசைகளை நெருக்கி நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயுங்கள். பலகையும் சேர்ந்து சாயும். எல்லா முகங்களும் அதை ஒட்டி வந்துவிடும்.

‘மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஃபோகஸ் செய்’ என்ற சொலவடையும் மேடையில் உலவுகிறது. ஷார்ப் பகுதி முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு என்று பிரிவது ஒரே ஒரு தூரத்தில்தான், ஹைப்பர்ஃபோகல் தூரத்தின் (அங்கே ஃபோகஸ் செய்தால் முடிவிலிவரை ஷார்ப்பாகும் மிகக் கிட்டிய தூரம்) மூன்றில் ஒரு பங்கில். அதைவிடக் கிட்டே வந்தால் பாதிக்குப் பாதியை நோக்கிப் போகும். விலகிப் போகப் போகப் பின்பங்கு முடிவிலிவரை நீளும். மூன்று வரிசைக்கு நடுவரிசை என்று வைத்துக்கொண்டால் போதும்.

மணப்பெண்ணின் தனிப்படத்தில் சிக்கல் நேர் எதிர். 85 மி.மீ. எஃப் 1.8, ஒன்றரை மீட்டர் தூரம்: ஷார்ப் பகுதி மூன்று செ.மீ. நெற்றிச்சுட்டி மினுங்குவதால் ஆட்டோஃபோகஸ் அதில் போய் உட்காரும், கண் மங்கும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிவிட்டுக் கேமராவை ஓரமாகத் திருப்பும் பழைய பழக்கம் இங்கே கையைச் சுடும். 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் பலகை முகத்துக்குப் பின்னால் இரண்டேகால் செ.மீ. நகர்ந்துவிடும். மூன்று செ.மீ. கனத்தில் முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரைதான். பிழை அதையும் தாண்டியது. கண் மேலேயே ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள், அல்லது எஃப் 2.8-க்கு வாருங்கள். பின்னணி தள்ளியிருந்தால் எஃப் 2.8-இலும் கரையத்தான் போகிறது.

இந்த எண்களெல்லாம் ஃபுல் ஃபிரேமுக்கு 0.03 மி.மீ., கிராப்புக்கு 0.02 மி.மீ. மங்கல் வட்டம் (சென்சாரில் இதற்குள் அடங்கும் மங்கலைக் கண் கூர்மையான புள்ளியாகவே பார்க்கும்) என்ற கணக்கில் வந்தவை. எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்ப்பவரை நினைத்து வைத்த அளவு. தெருமுனை ஃபிளெக்ஸைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் எந்த மங்கலும் தெரியாது. மடியில் விரித்துப் பார்க்கும் 12-க்கு 36 ஆல்பத்தில் அத்தனையும் தெரியும். ஆல்பத்துக்குப் போகும் படமென்றால் கணக்கு சொல்வதைவிட ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) கூடுதலாக மூடுவது நல்லது.

வீதியில்

மீனாட்சி கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது, அதனால் பழகுவதெல்லாம் சித்திரை வீதிகளிலும் மாசி வீதிகளிலும்தான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஃபோகஸ் தேட நேரமில்லை. கிட் லென்ஸை 18 மி.மீ.க்குத் திருப்பி, எஃப் 8 வைத்து, 2 மீட்டரில் இருக்கும் ஏதாவதொன்றில் ஃபோகஸ் செய்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு மீட்டரிலிருந்து கோபுரம்வரை எல்லாம் ஷார்ப். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்தாலும் சரி, தேர் தெருமுனையில் திரும்பினாலும் சரி, அழுத்துவது ஒன்றுதான் வேலை. தெற்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் தெளிவாக வேண்டுமென்றால் 2-ஐ 4 மீட்டராக்குங்கள். கிட்டத்தில் இழப்பது 35 செ.மீ. மட்டும், தூரத்து மங்கல் பாதியாகும். கேமராவுக்குப் பாலித்தீன் உறை மறக்க வேண்டாம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுப்பவருக்கு வேறு உலகம். மிகக் கிட்டே எடுக்கும் மேக்ரோ லென்ஸில் மொட்டை அதே அளவில் சென்சாரில் விழ வைத்தால், கிராப் கேமராவில் எஃப் 8-இல் ஷார்ப் பகுதி 0.64 மி.மீ. எஃப் 16-க்குப் போனாலும் ஒண்ணேகால் மி.மீ.தான். மொட்டின் பருமன் அதைப் போலப் பல மடங்கு. முனையைக் கேமராவுக்கு நேரே நீட்டி எடுத்தால் முனை மட்டும்தான் கிடைக்கும். மொட்டைப் பக்கவாட்டில் கிடத்துங்கள், கொஞ்சம் பின்னால் வந்து எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். செல்போனின் போர்ட்ரெயிட் மோடோ மல்லிகையிடம் வேறு விதமாகத் தோற்கும். கொண்டையில் வைத்த சரத்தின் பாதியை முடி என்றும் மீதியைப் பின்னணி என்றும் நினைத்துப் பூவைப் பாதியில் கரைத்துவிடும். சரம் கழுத்தோரம் தொங்கும்போது, வளையல் இடுக்கில் வெளிச்சம் தெரியும்போது, கண்ணாடி போட்டிருக்கும்போது அந்த மோடை அணைத்துவிடலாம்.

எவ்வளவு மிச்சம் வைப்பது

கரைக்கக் கற்றபின் எல்லாவற்றையும் கரைத்துத் தள்ளும் ஒரு பருவம் எல்லோருக்கும் வரும். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய் எஃப் 1.8-இல் எடுத்த படத்தை நத்தம் சாலை மேம்பாலத்தில் எடுத்தது என்றாலும் நம்பலாம். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? குளக்கரைச் சுவரில் ஆள், நடுமண்டபம் அங்கிருந்து ஏறக்குறைய 150 மீட்டர். ஆளிடமிருந்து 2 மீட்டரில் நின்றால், 28 மி.மீ. துளை மண்டபத்தில் 2 மீட்டருக்குக் குறைவான எதையும் மிச்சம் வைக்காது. தூண்கள் போகும், சுதை போகும், ஒரு வெளிறிய குவியல் நிற்கும். அதே லென்ஸில் எஃப் 5.6 என்றால் முக்கால் மீட்டருக்கு மேலான வடிவங்கள் தப்பும்: மண்டபத்தின் அடுக்கு தெரியும், அது தெப்பக்குளம் என்று தெரியும், ஆனால் கண்ணை ஆளிடமிருந்து பறிக்காது. எஃப் 11-இல் ஓரடி அளவு நுணுக்கம்வரை வந்துவிடும், ஆளும் மண்டபமும் போட்டி போடும். நான் 5.6 பக்கம். தைப்பூசத் தெப்பத்தன்று விளக்கெல்லாம் ஏற்றிய பின் மட்டும் 1.8. ஒவ்வொரு விளக்கும் ஆளுக்குப் பின்னால் பத்து ரூபாய் நாணயமாக விரியும்.

யானைமலை மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. ஒத்தக்கடைப் பக்கம் வயல் வரப்பில் ஆளை நிறுத்தி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மலை கிடக்க எஃப் 1.8-இல் எடுத்தால் மங்கல் வட்டம் மலையில் 21 மீட்டர். பாறை வெடிப்பு, புதர், பனைமரம் எல்லாம் அழிந்துவிடும். தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானை மட்டும் அப்படியே படுத்திருக்கும்.